பூ இருக்கிறது, பறவை எங்கே? நியூசிலாந்துக் காட்டில் ஒரு நீண்ட கணக்கு

புல்லுருவி என்பது நமக்கு வசவுச் சொல். கூடவே இருந்து உறிஞ்சுகிறவனைத் திட்ட அதைவிடப் பொருத்தமான வார்த்தை கிடைப்பது கஷ்டம். எங்கள் வீட்டு மாமரத்தில் அது ஏறியபோது துரட்டியை எடுத்துக்கொண்டு நானே கிளை கிளையாக இழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால், புல்லுருவி குறைந்துகொண்டே போகிறதே என்று ஒரு நாடே கவலைப்படுவதை முதலில் படித்தபோது வேடிக்கையாகத்தான் இருந்தது.

அந்த நாடு நியூசிலாந்து. அதன் தெற்குத் தீவில், தென்பீச் மரங்கள் நிறைந்த மலைக்காடுகளில், பெராக்சில்லா என்ற புல்லுருவி இனம் வளர்கிறது. அங்கே டிசம்பர் கோடைக்காலம். கிறிஸ்துமஸ் சமயத்தில் மரத்தின் உச்சிவரை சிவப்பாகப் பூத்துக் கிடக்கும். அந்தப் பூ வரவரக் குறைகிறது என்று பேச்சு எழுந்தபோது, எல்லோரும் கைகாட்டியது பொஸம் என்ற மரவாழ் விலங்கை. ரோமத் தொழிலுக்காக 1837 முதல் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது அது. புல்லுருவி இலை என்றால் அதற்கு உயிர். இலையைத் தின்றால் செடி சாகும், செடி செத்தால் இனம் குறையும். கேட்டவுடன் ஒப்புக்கொள்ளத் தோன்றுகிற காரணம், பொய்யும் இல்லை.

ஆனால் கிறைஸ்ட்சர்ச் நகரிலுள்ள கேன்டர்பரி பல்கலைக்கழகத்தின் சூழலியலாளர் டேவ் கெல்லிக்கும், அவரோடு வேலை செய்த ஜென்னி லேட்லி, அலஸ்டர் ராபர்ட்சன் ஆகியோருக்கும் வேறொரு கேள்வி இருந்தது. இலையை விடுங்கள், பூ காய்க்கிறதா? அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனதில், தாவர இனப்பெருக்கம், விதைப் பரவல், பறவைகள் மூன்றையும் இழுத்துக் கட்டிய ஒரு முழு ஆராய்ச்சி வாழ்க்கையே உருவானது.

முதலில் அந்த மொட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நீளமான சிவப்புக் குழாய், நான்கு இதழ்கள். முற்றிய பிறகும் இதழ்களின் நுனி ஒட்டியேதான் இருக்கும். உள்ளே தேன் தயார், மகரந்தம் தயார், கதவு மட்டும் பூட்டு. கோரிமாகோ என்று மாவோரிகள் அழைக்கும் பெல்பேர்ட் பறவை வந்து, அலகால் நுனியைப் பிடித்து லேசாக ஒரு திருகு திருகும். அவ்வளவுதான், பட்டென்று நான்கு இதழும் பின்னால் மடங்கிக்கொள்ளும். பறவை தேனில் அலகை விடும்போது மகரந்தம் அதன் தலையில் அப்பிக்கொள்ளும். அடுத்த பூவில் அது சூல்முடியில் ஒட்டும். யாரும் வந்து திருகாவிட்டால் பெரும்பாலான மொட்டுகள் காத்திருந்து, மூடியது மூடியபடியே உதிர்ந்துவிடும். இப்படி வெடித்துத் திறக்கும் புல்லுருவிப் பூக்கள் நியூசிலாந்திலும் இருக்கின்றன என்று லேட்லியும் கெல்லியும் 1995ல் நேச்சர் இதழில் எழுதினார்கள்.

நமக்கு இது முற்றிலும் அந்நியமான ஏற்பாடு இல்லை. நீலகிரியில் புல்லுருவிகளையும் பூக்கொத்திகளையும் ஆராய்ந்த பிரியா தவிதார் 1983லேயே சுவையான ஒன்றைச் சொல்லியிருந்தார். சில புல்லுருவிகளின் முற்றிய மொட்டும் பழுத்த பழமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. பழம் தின்ன வரும் பூக்கொத்தி மொட்டையும் பிதுக்கிவிட்டுப் போகும். ஒரே பறவையிடம் இரண்டு வேலை வாங்கும் தந்திரம்.

சரி, நியூசிலாந்துக்கு வருவோம். பூவுக்குப் பறவை தேவை என்பது தெரிந்துவிட்டது, பறவைகள் குறைந்துவிட்டன என்பதும் தெரியும். மனிதர் வருவதற்கு முன் அந்தத் தீவுகளில் வௌவால் தவிர நிலவாழ் பாலூட்டியே கிடையாது. எலி, பூனை, முயலை அடக்க 1880களில் இறக்கிய ஸ்டோட் (கீரிபோல உடல் நீண்ட சிறு வேட்டை விலங்கு) என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்ததில், நிலப்பறவை இனங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அழிந்துபோயின. ஆகவே பறவை குறைந்தது, பூ காய்க்கவில்லை, செடி அழிகிறது என்று மூன்றே வரியில் முடித்துவிடலாம்தான். நாளிதழ்ச் செய்தியாக இருந்தால் அப்படித்தான் முடியும்.

கெல்லி அப்படி முடிக்கிற ஆள் இல்லை என்பதற்கு அவருடைய பழைய வேலையிலேயே அடையாளம் இருக்கிறது. இங்கிலாந்தின் சுண்ணாம்பு மண் புல்வெளிகளில், ஓரிரு வருடமே வாழும் சின்னச் சின்னச் செடிகளின் பிறப்பையும் இறப்பையும் எண்ணிக்கொண்டிருந்தவர் அவர். பிறகு நியூசிலாந்து மேய்ச்சல் நிலங்களைப் பிடித்த திசில் என்ற முள்செடியை எடுத்துக்கொண்டார். அதை அடக்க, விதையைத் தின்னும் கூன்வண்டு ஒன்றைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். வண்டும் ஒழுங்காக விதையைத் தின்றது. ஆனால் கேத்ரியோனா ஷேயும் கெல்லியும் 1998ல் கணக்குப் போட்டுப் பார்த்ததில், அந்த அளவு விதை போனால் மட்டும் முள்செடி குறைந்துவிடாது என்று தெரிந்தது. முளைக்க இருக்கும் இடம் கொஞ்சம், விதையோ ஏராளம் என்றால், பாதி விதை போனாலும் மிச்சப் பாதி இடத்தை நிரப்பிவிடும்.

இந்த ஒரு பாடத்தை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் எல்லாமே புரியும். பறவை இல்லாமல் போவதற்கும் செடி இல்லாமல் போவதற்கும் நடுவே பல படிகள். பூவுக்கு வருகை குறைந்ததா? குறைந்தால் காய் குறைந்ததா? காய் குறைந்தால் நாற்று குறைந்ததா? நாற்று குறைந்தால் வளர்ந்த செடி குறைந்ததா? எந்தப் படியிலும் சங்கிலி அறுந்து, விளைவு அங்கேயே நின்றுவிடலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்தாக வேண்டும்.

சோதிக்கும் முறை எளிமையானது, ஆனால் முதுகு ஒடியும் வேலை. கொஞ்சம் மொட்டுகளுக்கு வலைப்பை கட்டிப் பறவையைத் தடுப்பார்கள். கொஞ்சத்தை அப்படியே விடுவார்கள். இன்னும் கொஞ்சத்தைக் கையாலேயே திருகித் திறந்து மகரந்தம் தடவுவார்கள். மாதங்கள் கழித்து வந்து காயை எண்ணுவார்கள். உதாரணத்துக்கு, கை தடவியதில் நூற்றுக்கு எண்பது காய்த்து, இயற்கைக்கு விட்டதில் நாற்பதுதான் காய்த்தது என்றால், காட்டில் மகரந்த வேலை பாதிதான் நடக்கிறது. அந்த இடைவெளிதான் காணாமல் போன பறவையின் அளவு. இல்லாத ஒன்றை அளப்பதற்கு இதைவிட நேர்த்தியான வழி எனக்குத் தெரியவில்லை.

இப்படிப் பார்த்ததில் பெராக்சில்லாவின் பல இடங்களில் மகரந்தத் தட்டுப்பாடு நிஜம் என்று தெரிந்தது. 1999ல் இவர்கள் வெளியிட்ட ஆய்வின் சாரம் அதுதான். பொஸத்தைப் பிடித்துவிட்டால் மட்டும் தீராத சிக்கல் இது.

நடுவில் ஒரு வேடிக்கையும் நடந்தது. பறவை அலகுக்கென்றே செய்த பூட்டு என்று நினைத்திருந்த மொட்டை, அந்நாட்டுக்கே உரிய சின்னஞ்சிறு தேனீக்கள் திறந்துகொண்டிருந்தன! கூட்டமாக வாழாமல் தனித்து வாழும் தேனீ வகை, ஒரு சென்டிமீட்டர்கூடத் தேறாது. மொட்டின் நுனியைக் கடித்துக் கடித்து இழுத்து, கடைசியில் வெடிக்க வைத்துவிடும். 1996ல் இதையும் நேச்சரில் எழுதினார்கள். அப்படியானால் பறவை இல்லாவிட்டால் என்ன, தேனீ பார்த்துக்கொள்ளாதா? தேனீ நுழையலாம், பறவை நுழைய முடியாது என்ற அளவில் கண்ணிவைத்த கம்பிக் கூண்டுகளைக் கிளைகளில் மாட்டி அதையும் பார்த்தார்கள். தேனீ உதவுகிறது, ஆனால் பறவையின் இடத்தை முழுதாக நிரப்பவில்லை.

விதைப் பரவலில்தான் எதிர்பார்ப்பு தலைகீழானது. புல்லுருவி விதை மண்ணில் விழுந்தால் வீண். பறவை விழுங்கி, எச்சமாக ஒரு கிளையில் பிசுபிசுவென்று ஒட்டினால்தான் பிழைக்கும். சரியான மரம், சரியான கிளைத் தடிமன், எல்லாம் அமைய வேண்டும். ஆகவே மகரந்தச் சேர்க்கையைவிட விதைப் பரவல்தான் அதிகம் நொடிந்திருக்கும் என்று யாருமே நினைப்பார்கள். 2004ல் கெல்லி, லேட்லி, ராபர்ட்சன் மூவரும் இதையே தலைப்பாக வைத்து, பரவல் மகரந்தச் சேர்க்கையைவிடச் சுலபமா என்று கேட்டு அளந்தார்கள். சுலபம்தான். யோசித்தால் காரணம் புரிகிறது. பூவுக்குச் சில நாள் அவகாசம்தான், பழமோ பொறுமையாகக் காத்திருக்கும். பூவுக்கு வருகிற பறவை ஏற்கெனவே அதே இனப் பூவுக்குப் போய்வந்திருக்க வேண்டும், பழத்துக்கு ஒரே ஒரு வருகை போதும்.

அப்புறம், பழம் தின்ன ஒரு புது விருந்தாளியும் இருந்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து 1850களில் தானாகவே கடல் தாண்டி வந்து குடியேறிய வெள்ளைக்கண்ணி. நம் ஊர்த் தோட்டங்களில் கூட்டமாகத் திரியும் வெள்ளைக்கண்ணியின் ஒன்றுவிட்ட உறவு அது. மாவோரி மொழியில் அதற்கு தௌஹோ, அதாவது புதிதாக வந்தவர், அந்நியர் என்று பெயர். சிறு பழமாக இருந்தால் அது விழுங்கிவிடும். போன பறவைகளின் வேலையில் ஒரு பங்கை, வந்த பறவை எடுத்துக்கொண்டது.

பெரிய பழங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. தராய்ரே, கராகா போன்ற மரங்களின் பழம் வெள்ளைக்கண்ணியின் தொண்டையில் நுழையாது. அதை விழுங்க இன்று பெரும்பாலும் ஒரே பறவைதான் மிச்சம்: கெரெரூ என்ற பெரிய மரப்புறா. பச்சையும் ஊதாவுமாக மின்னும் உடல், வெள்ளை மார்பு, அரைக் கிலோவுக்கு மேல் எடை. பழுத்துப் புளித்த பழத்தைத் தின்றுவிட்டுத் தள்ளாடும் என்று பெயர் வாங்கியது. 2018ல் அந்நாட்டு மக்கள் ஓட்டுப் போட்டு அதை அவ்வருடத்தின் பறவையாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்தப் புறா இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று டெப்ரா வாட்டனும் கெல்லியும் புறாவைத் தொடாமலேயே சோதித்தார்கள். தராய்ரே, கராகா விதைகளில் சிலவற்றுக்குச் சதையை நீக்கி, சிலவற்றைச் சதையோடு வைத்து, தாய் மரத்தடியிலும் தள்ளியும் விதைத்து, சில பாத்திகளுக்கு எலியும் பொஸமும் வராதபடி கூண்டு போட்டு, இரண்டு வருடம் காத்திருந்தார்கள். 2011ல் வந்த முடிவு: பறவை முற்றிலும் இல்லையென்றால் இரண்டு வயது நாற்றுகள் 66 முதல் 81 சதவீதம் குறையும். விதையையும் நாற்றையும் தின்னும் வெளிநாட்டு விலங்குகளும் சேர்ந்தால் இழப்பு 92 முதல் 94 சதவீதம். தாய் மரத்தடியில் முளைத்த கன்று தேறாது என்பது தோப்பு வைத்திருக்கும் எவரும் சொல்வதுதான். அந்த வார்த்தைக்கு இங்கே எண் கிடைத்தது. அதே சமயம், பெரிய பறவை என்றால் விதையை வெகுதூரம் கொண்டுபோகும் என்ற எண்ணம் இந்தப் புறாவுக்குப் பொருந்தவில்லை. தின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து செரிக்கும் சுபாவம் அதற்கு. இருவரும் ஆராய்ந்த மரங்களுக்கு விதை போய்ச் சேர்ந்த சராசரித் தூரம் நூறு மீட்டருக்குள்தான். சோம்பேறிப் புறா என்றாலும் மரத்தடியிலிருந்து அப்பால் எடுத்துப் போகிறது. கன்றுக்கு அது போதும்.

இந்த ஆராய்ச்சி வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது அதே 2011ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு. சாண்ட்ரா ஆண்டர்சன் முதல் ஆசிரியர், கெல்லியும் லேட்லியும் உடன். வடக்குத் தீவிலும் அதன் கரைக்கு அப்பால் உள்ள சிறு தீவுகளிலும் மட்டும் வளரும் ரப்டோதாம்னஸ் என்ற புதர்ச்செடி. காட்டின் அடித்தட்டில், நிழலில், ஆரஞ்சு நிறத்தில் சிவப்புக் கோடு ஓடும் சின்ன மணிபோன்ற பூ. அதற்குத் தேனுண்ண வந்தவை கோரிமாகோவும் ஹிஹி என்ற இன்னொரு பறவையும். ஆக்லாந்தைச் சுற்றியுள்ள பகுதியில் இந்த இரண்டும் 1870 வாக்கில் மறைந்துவிட்டன. தூயி என்ற மூன்றாவது தேனுண்ணி இன்னும் அங்கே இருக்கிறது. ஆனால் அது உச்சிக்கிளைக்காரர், நிழலில் இறங்கிப் புதர்ப்பூவைத் தேடி வருவது அபூர்வம். கரைக்கு அப்பால் உள்ள ஹௌதுரு (லிட்டில் பேரியர்) போன்ற தீவுகளில் மட்டும் பழைய கூட்டணி அப்படியே இருக்கிறது. ஹிஹி இனமே ஒரு காலத்தில் உலகில் ஹௌதுருவில் மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

நூற்று நாற்பது வருடம் பழைய ஒரு சோதனையை யாரோ தொடங்கி வைத்துவிட்டுப் போனதுபோல் இது. அதே செடி, அதே தட்பவெப்பம், ஒரு பக்கம் பறவை உண்டு, மறுபக்கம் இல்லை. ஆண்டர்சன் குழு செய்ததெல்லாம் போய் எண்ணியதுதான். தீவுகளில் ஒரு பூவுக்கு 232 விதை. பெருநிலத்தில், அதாவது வடக்குத் தீவில், 37. ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அடுத்த படி? திசில் செடிபோல விதை குறைந்தும் செடி குறையாமல் இருக்கலாமே. இல்லை, இங்கே அந்தப் படியிலும் அடி விழுந்திருந்தது: வளர்ந்த செடிக்கு இத்தனை இளஞ்செடி என்று பார்த்தால் பெருநிலத்தில் 55 சதவீதம் குறைவு.

இதில் உறைக்க வேண்டியது எண் அல்ல. அந்தக் காட்டில் நடந்துபோகிறவர் கண்ணுக்கு எதுவுமே குறையாகத் தெரியாது. செடி இருக்கிறது, பச்சையாக இருக்கிறது, வருடம் தவறாமல் பூக்கிறது. நீண்ட நாள் வாழும் செடியாக இருப்பதால், பேரப்பிள்ளைகள் இல்லாமல் தாத்தா பாட்டி மட்டும் வாழும் தெருபோல, அது பாட்டுக்கு நிற்கிறது. நம் ஊரில் அப்படிப்பட்ட தெருக்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

கெல்லியின் இன்னொரு பெரிய வேலை பறவையைப் பற்றியதே அல்ல, ஆனால் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து சேர்கிறது. தென்பீச் மரங்களும் மலைப்புற்களும் வருடா வருடம் காய்ப்பதில்லை. பல வருடம் சும்மா இருந்துவிட்டு, ஒரு வருடம் காடு முழுக்க ஒன்றாகச் சேர்ந்து கொட்டும். விதை தின்னிகளைச் சில வருடம் பட்டினி போட்டு, பிறகு தின்று தீராத அளவுக்குக் கொடுத்து ஏமாற்றும் உத்தி இது. மூங்கில் பூத்தால் எலி பெருகும் என்பது நமக்குத் தெரியும். மிசோரமில் 1959ல் மூங்கில் பூப்பைத் தொடர்ந்து எலி பெருகிப் பஞ்சமே வந்தது. நியூசிலாந்தில் பீச் கொட்டினால் எலி பெருகும், எலியைத் தின்று ஸ்டோட் பெருகும், விதை தீர்ந்து எலி குறைந்ததும் ஸ்டோட்டின் பசி பறவைக் கூடுகளின் பக்கம் திரும்பும். கோரிமாகோவும் அதில் போகும். புல்லுருவி உட்கார்ந்திருக்கும் மரமே, தன் காய்ப்பால், அந்தப் புல்லுருவியின் மொட்டைத் திறக்கும் பறவைக்கு எமனைக் கூட்டி வருகிறது. மரத்தைக் குற்றம் சொல்ல முடியாது. எலியும் ஸ்டோட்டும் இல்லாத காட்டில் உருவான பழக்கம் அது.

எந்த வருடம் கொட்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பொறியோ விஷமோ வைக்கலாம். கெல்லி குழு 2013ல் சொன்ன விடை ஆச்சரியமானது. மரம் கவனிப்பது கோடை எவ்வளவு சூடு என்பதை அல்ல, போன கோடை அதற்கு முந்தின கோடையைவிட எவ்வளவு சூடு என்பதை. குளிர்ந்த கோடையும் அடுத்து வெப்பமான கோடையும் வந்தால், அதற்கடுத்த ஆண்டில் பூத்துக் குலுங்கும். நியூசிலாந்தின் இயற்கைப் பாதுகாப்புத் துறை இந்தக் கணக்கைப் பயன்படுத்தித்தான் எலி ஒழிப்புக்குத் தயாராகிறது. வித்தியாசத்தைப் பார்க்கிற மரம் என்பதால், பூமி மெல்ல மெல்லச் சூடானாலும் இந்தத் தாளம் கெடாது என்றும் அந்தக் கட்டுரை சொன்னது. ஏழு வருடம் கழித்து, ஐரோப்பிய பீச் மரங்களில் வெப்பமயமாதல் அந்தத் தாளத்தைக் குலைத்துவிட்டது என்று ஒரு கட்டுரை வந்தது. இங்கிலாந்தில் 1980 முதல் மரம் மரமாகப் பொறுக்கி எண்ணிய விதைக் கணக்கு அதற்கு ஆதாரம். காய்ப்பு வருடத்துக்கும் சும்மா வருடத்துக்கும் வித்தியாசம் குறைந்து, விதை தின்னும் பூச்சிக்கு வருடந்தோறும் சாப்பாடு கிடைத்துவிட்டதாம். அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் கெல்லியும் ஒருவர். தன் முடிவு எல்லா மரத்துக்கும் பொருந்தாது என்று காட்டும் ஆய்வில் தானே கையெழுத்துப் போடுவது எல்லோருக்கும் வராது.

மீண்டும் புல்லுருவிக்கே வருகிறேன். நியூசிலாந்தின் வடக்கே ட்ரைலெபிடியா என்று இன்னொரு புல்லுருவி இருந்தது. குழாய் வடிவப் பூ, பறவைக்கானது என்றே தோற்றம் சொல்லும். 1954க்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. காடு அழிந்தது காரணம் என்கிறார்கள், பொஸம் என்கிறார்கள், தாவரச் சேகரிப்பாளர்கள் பறித்துத் தீர்த்தது என்கிறார்கள், பறவை போனது என்கிறார்கள். எல்லாமே இருக்கலாம். எந்தப் படியில் அறுந்தது என்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் மொட்டுக்கு வலைப்பை கட்ட வேண்டும், கொஞ்சத்தைக் கையால் திறக்க வேண்டும். கட்டுவதற்கு மொட்டு இல்லை.